ரிச் மல்லின்ஸ் போன வழியில் ஆறு நாள்

நாள் 1, செப்டம்பர் 18: கொலம்பஸ், ரிச்மண்ட்

காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். மச்சான் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் காபி பிளாஸ்க்கோடு. ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் ஊரான கொலம்பஸின் எல்லையைத் தாண்டும்போதுதான் அவன் கேட்டான்: "அத்தான், ஒரு கேசட்டுக்காகவா இவ்வளவு தூரம் போறோம்?" ஆமாம், கேசட்டுக்காகத்தான். போகவே 1,800 மைலுக்கு மேல் வரும். ரொம்ப நாளாக மனதில் இருந்த பயணம் இது.

ரிச் மல்லின்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் 'ஆசம் காட்' பாட்டு தெரியும். சென்னையோ பாளையங்கோட்டையோ, வாலிபர் முகாம் என்று ஒன்றுக்குப் போயிருந்தால் கைதட்டிக்கொண்டு அந்தப் பல்லவியைப் பாடியிருப்பீர்கள். 1988-இல் வந்த பாட்டு, எழுதியவர் இவர்தான். அதற்கு முன்பே, 1982-இல் பாடகி ஏமி கிராண்ட் பாடிப் பெரிய பேர் வாங்கிய ஒரு துதிப் பாடலையும் எழுதிக் கொடுத்திருந்தார். அமெரிக்கக் கிறிஸ்தவ இசை பணம் கொழிக்கிற தொழிலாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நடுவிலேயே நின்றவர். ஆனால் தன் வருமானம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. பணம் முழுவதும் சபை மூப்பர்கள் கையில் இருந்தது. ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளி வருடத்துக்கு வாங்குகிற சம்பளத்தை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தர்மத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் அந்தக் கேசட். 1997 செப்டம்பரில், ஆள் புழக்கம் இல்லாமல் கிடந்த ஒரு பழைய தேவாலயத்தில் உட்கார்ந்து, சாதாரண டேப் ரெக்கார்டரில், இயேசுவைப் பற்றித் தான் எழுதியிருந்த புதுப் பாடல்களைப் பாடிப் பதிந்தார். ஆல்பத்துக்கான மாதிரிப் பதிவு அது. ஒன்பது நாளில் விபத்தில் இறந்துபோனார், வயது 41. அடுத்த வருடம் ஜூலையில் அவருடைய குழுவினரும் நண்பர்களும் சேர்ந்து அந்தப் பாடல்களை ஸ்டூடியோவில் முறையாகப் பாடி 'த ஜீசஸ் ரெக்கார்ட்' என்று வெளியிட்டார்கள். இரண்டு டிஸ்க். ஒன்றில் அவர்கள் பாடியது, இன்னொன்றில் அந்தக் கேசட்டில் இருந்தது அப்படியே.

இருபது வருடமாக நான் கேட்டுவருவது அந்த இரண்டாவது டிஸ்க்தான்.

ரிச்மண்ட் இந்தியானா எல்லைக்குள் நுழைந்தவுடன் வருகிற ஊர். அவர் பிறந்தது இங்கே, 1955 அக்டோபர் 21. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைய இருக்கிற பகுதி, அவர் வளர்ந்ததும் அவர்களுடைய கூட்டங்களில்தான். ஆனால் ஊருக்கு வந்த பிறகு நாங்கள் அதிக நேரம் நின்றது, அவரோடு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில். ஒயிட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கினால் ஜெனட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் பழைய கட்டடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பியானோ செய்கிற தொழிற்சாலை ஒன்று நடத்திய இசைத்தட்டுக் கம்பெனி அது. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் முதன்முதலில் ஒரு பதிவில் வாசித்தது இங்கேதான், 1923-இல், கிங் ஆலிவரின் குழுவோடு. அப்போது மின் மைக் இல்லை. பெரிய புனல் ஒன்றின் முன்னால் எல்லோரும் கூடி நின்று வாசிப்பார்களாம். பக்கத்திலேயே ரயில் பாதை, அதனால் ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தத் தட்டுகளில் இரைச்சல் இருக்கிறது, கரகரப்பு இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் கேட்கிறார்கள். நடைபாதையில் பதித்திருக்கிற இசைத்தட்டு வடிவங்களை மச்சான் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் மறுபடியும் ஒஹாயோ பக்கம் திரும்பி ஹாலன்ஸ்பர்க் போனோம். சின்ன ஊர். சுற்றிலும் காய ஆரம்பித்த சோளக்காடும் மஞ்சளாகிவிட்ட சோயாவும். அவருடைய கல்லறை அங்கே ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. யாரோ கல்லின்மேல் கிட்டார் மீட்டுகிற பிக் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மழையில் நிறம் வெளுத்திருந்தது. நாங்கள் எதுவும் கொண்டுபோகவில்லை. ஜெபித்துவிட்டு வந்தோம்.

நாள் 2, செப்டம்பர் 19: ஐ-39 நெடுஞ்சாலை

இந்தியானாபொலிஸ் தாண்டி ஐ-74 பிடித்து இல்லினாய்ஸ். ஏறக்குறைய 280 மைல். எல்லாம் சமவெளி, சொல்ல ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ஐ-39-இல் லாஸ்டன்ட் என்ற ஊர்ப் பக்கம் வந்தோம். 1997-இல் இதே தேதி இரவு, ரிச் மல்லின்ஸும் அவரோடு பாடிக்கொண்டிருந்த மிட்ச் மெக்விக்கர் என்ற இளைஞரும் ஒரு ஜீப்பில் தெற்கே, கான்சாஸ் மாநிலத்து விச்சிடா நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி இருந்தது. வண்டி கட்டுப்பாடு இழந்து உருண்டது. இருவரும் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை, வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். கவிழ்ந்து கிடந்த ஜீப்பில் மோதாமல் இருக்க ஒரு பெரிய டிரக் விலகியது, விலகிய பக்கத்தில் ரிச் கிடந்தார். மெக்விக்கர் பலத்த காயத்தோடு பிழைத்தார், இன்றும் பாடுகிறார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் சும்மா வண்டியை நிறுத்தக் கூடாது. அதனால் வெளியேறும் வழியில் இறங்கி, ஒரு பண்ணைச் சாலையில், ஐ-39 கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். நான் அந்த டிஸ்க்கைப் போட்டேன்.

முதல் பாட்டு 'ஹார்ட் டு கெட்'. கிட்டாரும் குரலும் மட்டும். டேப் ஓடுகிற சீற்றம் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். சுவர்கள் திருப்பிக் கொடுக்கிற எதிரொலியை வைத்தே அது காலியான இடம் என்று சொல்லிவிடலாம். பாட்டு முழுக்கக் கேள்விதான். பரலோகத்தில் இருக்கிறவரே, இங்கே பூமியில் நாங்கள் படுகிற பயமும் பசியும் உமக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா, நீரும் ஒருநாள் இங்கே இப்படித்தானே இருந்தீர் என்று அவரிடமே கேட்கிறார். முறையிடுகிறார், கிட்டத்தட்டச் சண்டை பிடிக்கிறார். ஆராதனைப் பாட்டில் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று எங்கள் சபையில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று தாவீது எத்தனை இடத்தில் கேட்கிறார். அந்தக் கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சந்தோஷத்தை மட்டும் பாடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

கொலம்பஸ் தமிழ்ச் சபையில் பதினோரு வருடமாகப் பாடல் நடத்துகிறேன். இந்தப் பதினோரு வருடத்தில் மிக்சர் மூன்று முறை மாறிவிட்டது. காதுக்குள் வைக்கிற மானிட்டர், பின்னணி டிராக், பல்லவி மூன்றாவது முறை வரும்போது டிரம்ஸ் ஏறுகிற இடம், அப்போது விளக்கு எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்பது, எல்லாம் எழுதிவைத்துத்தான் நடத்துகிறோம். போன ஈஸ்டருக்கு டிராக் பாதியில் நின்றது. ஜனங்கள் நிறுத்தாமல் பாடிக்கொண்டே போக, எனக்கு அடுத்த வரி வரவில்லை. நானே தேர்ந்தெடுத்த பாட்டு. அன்று இரவு வீட்டில் இந்தக் கேசட் டிஸ்க்கைக் கேட்டு அழுதேன். பயணத் திட்டம் அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

பாட்டு முடியும்போது இருட்டிவிட்டது. அதுவரை வாயே திறக்காத மச்சான், "இன்னொரு தடவை போடுங்க அத்தான்" என்றான்.

தங்கல் புளூமிங்டன்.

நாள் 3, செப்டம்பர் 20: கான்சாஸ்

அவர் அன்றைக்குப் போய்ச் சேர முடியாத தூரத்தை இன்று நாங்கள் ஓட்டினோம், கிட்டத்தட்ட 600 மைல். மிசிசிப்பியை ஹானிபலில் கடந்து, மிசூரியைக் குறுக்கே வெட்டி, கான்சாஸ் சிட்டி, எம்போரியா.

எம்போரியாவுக்கும் எல் டொராடோவுக்கும் நடுவில் பிளின்ட் ஹில்ஸ் வருகிறது. மண்ணுக்கடியிலேயே சக்கிமுக்கிக்கல் கிடப்பதால் இங்கே ஏர் ஓட்ட முடியவில்லை, அதனால்தான் பழைய புல்வெளி பிழைத்தது. ஒரு காலத்தில் இந்த நாட்டின் நடுப்பகுதி முழுக்க இருந்த நெட்டைப் புல்வெளியில் மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இதுதான். செப்டம்பரில் புல் செம்பு நிறத்துக்கு மாறுகிறது. காற்று ஒரு பக்கமாய் அடித்தால் குன்று முழுக்கச் சாய்கிறது, நிமிர்கிறது. மரம் இல்லை, வீடு இல்லை, வானம் மட்டும் ரொம்ப அதிகம். அவருடைய பழைய பாடல்களில் இந்த வெளி திரும்பத் திரும்ப வருகிறது. நாஷ்வில்லில் இருந்திருந்தால் தொழிலுக்கு எவ்வளவோ வசதி. அதை விட்டுவிட்டு 1988-இல் விச்சிடாவுக்கு வந்து குடியேறியவர். ஏன் என்று வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் இந்தப் புல்லின் நடுவில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

நாள் 4, செப்டம்பர் 21: வின்ஃபீல்டு, விச்சிடா

இன்றைக்கு மனது நிறைந்துவிட்டது, நீளமாகவே எழுதப் போகிறேன்.

விச்சிடாவிலிருந்து தென்கிழக்கே 40 மைல் போனால் வின்ஃபீல்டு. 1972-லிருந்து வருடா வருடம் செப்டம்பரில் அங்கே வால்நட் வேலி இசைவிழா நடக்கிறது. மேடைக் கச்சேரியைவிடக் கூடாரங்களில் நடக்கிற வாசிப்புக்குத்தான் பேர் போனது. பெக்கான் மரத் தோப்பில் நூற்றுக்கணக்கான கூடாரம், ஒவ்வொன்றின் முன்னாலும் நாலு பேர் நாற்காலி போட்டு வாசிக்கிறார்கள். ஹேமர்டு டல்சிமர் என்ற, சுத்தியால் தட்டி வாசிக்கிற கம்பி வாத்தியத்துக்குத் தேசியப் போட்டி நடத்துகிற ஊர் இது. ரிச் மல்லின்ஸின் கையில் பேசிய வாத்தியம் அது, அதனால்தான் வந்தோம்.

விழாவின் கடைசி நாள், பாதிக் கூடாரம் பிரித்தாகிவிட்டது. ஒரு டிரெய்லரின் நிழலில் எழுபது வயது இருக்கும் ஒருவர் டல்சிமருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய் உட்காரலாமா என்று கேட்டோம், நாற்காலியே எடுத்துப் போட்டார்.

நம்ம சந்தூர் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும், இரண்டும் ஒரே குடும்பம். மேல்பக்கம் குறுகி கீழ்ப்பக்கம் விரிந்த ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இரண்டிரண்டாகக் கட்டிய கம்பிகள். அவர் கையில் ஸ்பூன் காம்பு மாதிரி மெல்லிய இரண்டு மரச் சுத்திகள். ஒன்றை என்னிடம் கொடுத்தார். எடையே இல்லை. "அடிக்காதீர்கள், விழ விடுங்கள், அதுவே எழுந்து வரும்" என்றார். விழ விட்டேன். கம்பி பட்டுச் சுத்தி தானாகக் குதித்தது, ஓசை எழுந்தது, நிற்கவில்லை. பியானோவில் விரலை எடுத்தால் ஓசையை அடைக்கிற கம்பளித் துண்டு இதில் கிடையாது. ஒரு சுரம் அடங்குவதற்கு முன்னால் அடுத்தது வந்து சேருகிறது, மூன்றாவதும் சேர்ந்து எல்லாம் ஒன்றாக மிதக்கிறது. தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது கடைசி வரிசைக் குரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேருமே, அப்படி.

இதைச் சும்மா சொல்லவில்லை. 1993-இல் வந்த அவருடைய 'எ லிட்டர்ஜி, எ லெகசி அண்ட் எ ராகமஃபின் பேண்ட்' ஆல்பத்தின் முதல் பாதியே ஓர் ஆராதனை முறைமை மாதிரி அடுக்கப்பட்டது. துதி வரும், தடுமாறுகிறவனின் ஜெபம் வரும், நடுவில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், அதற்குப் பிறகு நற்கருணையின் சமாதானம். பிரமாணத்தை ஏறக்குறைய வார்த்தை மாறாமல் அப்படியே பாட்டாக்கி அதற்கு டல்சிமர் வாசித்திருக்கிறார். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்கு அதை முதலில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுந்து நின்று, பாதி கவனத்தோடு ஒப்பித்த வார்த்தைகள். அவற்றை இந்த மனிதர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பாடுகிறார். புதுப் பாட்டு வந்தால் பழைய முறைமை போய்விடும் என்றும், முறைமை இருந்தால் ஆவியானவருக்கு இடம் இல்லை என்றும் நம் சபைகளில் இரண்டு பக்கமும் நடக்கிற சண்டை எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்தாரும் ஒரு தடவை இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரியவரிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு உடனே ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெண் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார், அந்தச் சுத்தியல் சத்தம், யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிற சத்தம், எல்லாவற்றோடும் சேர்ந்துதான் கேட்டோம். நான் தமிழில் மெதுவாகப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பாதாளத்தில் இறங்கினார்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

எங்கள் அப்பா நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிப்பதற்கு முன்னால், காலியான கோயிலில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தனியாகக் கீர்த்தனை பாடுவார். ஒரு தடவை நான் வாசலில் நின்று கேட்டதைப் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை, அப்படியே பாடி முடித்தார். அதைப் பதிந்துவைக்க எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை.

மதியம் விச்சிடா திரும்பி பிரெண்ட்ஸ் பல்கலைக்கழகம் போனோம். குவேக்கர்கள் தொடங்கிய கல்லூரி. மணிக்கூண்டோடு பெரிய செங்கல் கட்டடம், ஞாயிறு என்பதால் வளாகம் அமைதியாக இருந்தது. ஊரெல்லாம் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, முப்பத்தைந்து வயதுக்கு மேல், அவர் இங்கே மாணவராகச் சேர்ந்தார். இசை ஆசிரியர் படிப்பு. நவஹோ பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பட்டம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1995-இல் முடித்தார், கையோடு மூட்டை கட்டிவிட்டார்.

நாள் 5, செப்டம்பர் 22: யுஎஸ் 54 நெடுஞ்சாலை

நாள் முழுக்க வண்டி. பிராட், கிரீன்ஸ்பர்க், லிபரல், ஒக்லஹோமாவின் வால் பகுதி, டெக்சாஸின் தலைப் பகுதி, அப்புறம் நியூ மெக்சிகோ. கிரீன்ஸ்பர்க்கை 2007 மே மாதம் ஒரு சூறாவளி ஏறக்குறைய முழுசாகத் துடைத்துப் போட்டது, இப்போது நிற்பது திரும்பக் கட்டிய ஊர். அங்கே மதியச் சாப்பாடு, மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரை தீர்ந்தது.

வழியில் மச்சான் ஸ்டூடியோவில் பாடிய டிஸ்க்கைப் போட்டான். ஏமி கிராண்ட், மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் எல்லோரும் அன்போடு பாடியிருக்கிறார்கள், நண்பன் போன துக்கம் குரலில் தெரிகிறது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மூன்றாவது பாட்டில் அவனே மாற்றிக் கேசட்டைப் போட்டான். "இவர் நமக்குப் பாடல அத்தான். நாம இருக்கிறதே அவருக்குத் தெரியாது" என்றான். இருபது வருடமாக நான் சொல்லத் தேடிய வார்த்தை.

டுகம்கேரியில் தங்கல்.

நாள் 6, செப்டம்பர் 23: விண்டோ ராக், சே பொனிட்டோ

ஐ-40-இல் 300 மைலுக்கு மேல் ஓட்டி கேலப், அங்கிருந்து வடக்கே திரும்பி 264-ஆம் நெடுஞ்சாலை. நவஹோ தேசம் 27,000 சதுர மைல் பரந்த நிலம். 1864-இல் இந்த ஜனங்களை அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக்கொண்டு போய் அடைத்துவைத்தது. நாலு வருடம் கழித்து உடன்படிக்கை எழுதித் திரும்பி நடந்து வந்தவர்களின் வம்சத்தார்தான் இங்கே இருக்கிறவர்கள். விண்டோ ராக் தலைநகரம். நடுவில் பெரிய வட்டத் துளையோடு நிற்கிற சிவப்புப் பாறை, அதன் காலடியில் இரண்டாம் உலகப் போரில் தங்கள் மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய நவஹோ வீரர்களுக்கு நினைவிடம்.

அரிசோனா எல்லையை ஒட்டி நியூ மெக்சிகோ பக்கம் சே பொனிட்டோ. கடைசி இரண்டு வருடம் ரிச் மல்லின்ஸ் இருந்தது இங்கேதான், ஹோகன் என்கிற நவஹோ பாரம்பரிய வீடு ஒன்றில், பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு. ஹோகனின் வாசல் கிழக்கே பார்த்து இருக்கும், காலையில் எழுந்தால் முதலில் சூரியன்தான். அவர் பெயரில் ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை, பெட்ரோல் பங்க்கில் கேட்டோம், தெரியவில்லை.

சாலை ஓரத்தில் ஒரு பாட்டி எண்ணெய்ச் சட்டி வைத்து ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார், நம்ம பூரியைவிடப் பெரியது, தடிமன். வாங்கிக்கொண்டு அவரிடமும் கேட்டேன். ரொம்ப நாளைக்கு முன்னால் இங்கே ஒரு பாட்டுக்காரர் இருந்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று. பாட்டி ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தார். பெயர் ஞாபகம் இல்லை, இங்கே பலபேர் வந்து போயிருக்கிறார்கள் என்றார். அப்புறம், அவர் என்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்டார்.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது, போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு பிரமாணத்தை ரிச் மல்லின்ஸின் மெட்டில், தமிழில், மனதுக்கு வந்தபடி வார்த்தைகளை இழுத்தும் குறுக்கியும் பாடினேன். 264-இல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, நடுவில் இரண்டு வரி எனக்கே கேட்கவில்லை. மச்சான் கடைசியில் சேர்ந்துகொண்டான். அவன் பாடி நான் கேட்டதே இல்லை.

பாட்டி இன்னொரு ரொட்டியை எடுத்து மச்சான் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை.

கேலப்பில் அறை எடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பாடல் பட்டியலைச் சபைக்கு அனுப்பிவிட்டேன், ஐந்து பாட்டு, டிராக் எதற்கும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், ஸ்டோர் ரூமில் இருக்கிற ஆர்மோனியத்தைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு 1,600 மைல். நாளை காலை ஐந்து மணிக்குக் கிளம்பணும்.